கூட்டாளியிடம் மறைத்த இறால் காசு: உண்டியலில் போட்டால் தீருமா?

தீராது. பாம்பன் கரையில் இறால் விற்ற காசில் கூட்டாளிக்குச் சொல்லாமல் நீங்கள் எடுத்ததாக எழுதியிருக்கும் 4,000 ரூபாயைக் கோவில் உண்டியலில் போட்டாலும், கூட்டாளிக்குத் தர வேண்டிய கடன் அப்படியே நிற்கும். எடுத்ததை உரியவருக்கே திருப்பச் சொல்கிறது கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 2412).

ஆறு மாதமாக நன்மை (நற்கருணை) வாங்கக் கூசுகிறது என்கிறீர்கள். கூட்டாளியிடம் ஒளிப்பது போலவே கடவுளிடமும் ஒளிக்கப் பார்ப்பதால் இருக்கலாம். விவிலியத்தில், ஆக்கான் திருடிய வெள்ளியைக் கூடாரத்துக்குள் புதைத்தான், இறைவாக்கினர் யோனா கடவுளிடமிருந்து தப்பக் கப்பலேறி ஓடினார். இருவரும் கடவுளின் கண்ணுக்குத் தப்பவில்லை. நீங்கள் ஏலக் கணக்கைக் குறைத்துச் சொன்ன அன்றும் அவர் பக்கத்தில்தான் இருந்தார்.

இன்றிரவு ஜெபத்தில் தொகையையும் கூட்டாளியின் பெயரையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நாக்கு எங்கே தடுக்கிறதோ, அங்கேதான் இன்னும் மறைக்கிறீர்கள்.

அப்புறம், நேரில் சொன்னால் அடிதடியாகும் என்றால் பங்குத்தந்தையிடம் பாவசங்கீர்த்தனத்தில் (பாவ அறிக்கையில்) சொல்லி, அவர் மூலம் உங்கள் பெயர் சொல்லாமல் சேர்ப்பிக்கலாம். அங்கே கேட்டதை அவர் வெளியே சொல்லவே கூடாது. ஆனால் பணம் முழுதாகப் போக வேண்டும்.