வாசகர் கேள்வி பதில்: சாக்கைத் தள்ளியது யார்?

கேள்வி: இறக்கத்தில் வரும் கொழுந்து லொறி சடுதியாக பிரேக் பிடித்தால், பின்னால் அடுக்கிய சாக்குகள் முன்பலகையில் வந்து மோதுகின்றன. அவற்றைத் தள்ளுவது எந்த விசை? கயிறு கட்டினால் போதுமா? (ஹட்டன்)

பதில்: முதலில் மட்டமான பாதையை எடுத்துக்கொள்வோம். அங்கே சாக்கை எதுவும் தள்ளுவதில்லை. லொறி ஓடும்போது சாக்கும் அதே வேகத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பிரேக் பிடிப்பது சில்லை, சாக்கை அல்ல. வெளியிலிருந்து ஒரு விசை வந்து மாற்றும்வரை, ஓடுகிற பொருள் அதே வேகத்தில் நேராக ஓடும். நியூற்றன் 1687இல் வெளியிட்ட முதலாம் விதி இது. இந்தக் குணத்துக்குத்தான் சடத்துவம் என்று பெயர் (தமிழ்நாட்டு நூல்களில் நிலைமம்). அது ஒரு விசை அல்ல. ‘சடத்துவ விசை தள்ளியது’ என்று விடைத்தாளில் எழுதுவது பிழை.

மணிக்கு 36 கிலோமீற்றர், அதாவது செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் வரும் லொறி 10 மீற்றர் தூரத்துக்குள் நிற்கிறது என்று வையுங்கள். அமர்முடுகல், அதாவது வேகம் குறையும் வீதம், 5 மீ/செ². லொறியோடு சேர்ந்து 25 கிலோ சாக்கும் நிற்க, இரண்டாம் விதிப்படி (விசை = திணிவு × முடுகல்) 25 × 5 = 125 நியூற்றன் விசை பின்னோக்கி வேண்டும். தட்டுக்கும் சாக்குக்கும் உராய்வுக் குணகம் 0.3 என்றால், உராய்வு தரக்கூடியது சாக்கின் நிறையான 250 நியூற்றனில் 0.3 பங்கு, அதாவது 75 நியூற்றன்தான். மிச்சம் 50 நியூற்றனைக் கயிறோ முன்பலகையோ தரவேண்டும். 40 சாக்குக்கு அது 2000 நியூற்றன். 200 கிலோவைத் தூக்கிப் பிடிப்பதற்குச் சமம். பத்துக்கு ஒன்று சரிவில் சாக்கின் நிறையே மேலும் 25 நியூற்றன் அளவுக்கு முன்னோக்கி இழுக்கும். உங்கள் இறக்கத்தில் பிரச்சினை கூடுவது இதனால்தான். மழையில் தட்டு நனைந்தால் உராய்வும் குறைந்துவிடும்.

ஆகவே முதல் வரிசையை முன்பலகையோடு ஒட்டி, இடைவெளி இல்லாமல் அடுக்குங்கள். மேலே சொன்ன மட்டப் பாதைக் கணக்கில்கூட, ஒரு மீற்றர் இடைவெளி இருந்தால் சாக்கு செக்கனுக்கு 2 மீற்றர் வேகத்தில் பலகையில் மோதும். கயிற்றைச் சாக்குகளுக்கு மேலாகப் போட்டு, கீழ்நோக்கி இறுக்கிக் கட்டுங்கள். தட்டின்மீது அழுத்தம் கூடும்போது உராய்வும் கூடும். தளர்வான கயிறு, சாக்கு நகர்ந்து வேகம் எடுத்த பிறகே இழுபடும். அறுவதும் அப்போதுதான்.

கேள்வி: ரம்பொடை வளைவுகளில் பஸ்ஸில் நிற்பவர்கள் வெளிப்பக்கம் சாய்வது ஏன்? (தலவாக்கலை)

பதில்: பஸ் திரும்புகிறது, உங்கள் உடல் நேராகப் போகப் பார்க்கிறது. உங்களைத் திருப்ப வளைவின் உட்பக்கம் நோக்கிய விசை தேவை. 15 மீற்றர் ஆரை வளைவில் மணிக்கு 20 கிலோமீற்றரில் போனால், 60 கிலோ ஆளுக்கு அது ஏறக்குறைய 124 நியூற்றன். 30 கிலோமீற்றரில் 278. வேகம் ஒன்றரை மடங்கானால் தேவைப்படும் விசை இரண்டேகால் மடங்கு. பாதத்தின் உராய்வு கால்களை மட்டும் பஸ்ஸோடு இழுத்துச் செல்ல, மேலுடம்பு பின்தங்குவதால்தான் சாய்கிறோம். கால்களை அகட்டி நின்று கம்பியைப் பிடிப்பது அந்த விசையை மேலுடம்புக்கும் கொடுக்கிறது.

கேள்வி: என்ஜின் பெட்டியை இழுக்கும் அதே அளவு விசையால் பெட்டியும் என்ஜினை இழுக்கிறது என்கிறது மூன்றாம் விதி. அப்படியானால் ரயில் எப்படி நகர்கிறது? (நானுஓயா)

பதில்: நல்ல கேள்வி; பலர் இடறும் இடம் இது. அந்த இரண்டு விசைகளும் வெவ்வேறு பொருள்களில் தாக்குகின்றன, ஆகவே ஒன்றையொன்று அழிக்காது. என்ஜினை மட்டும் தனியே பாருங்கள். சில்லுகள் தண்டவாளத்தைப் பின்னோக்கித் தள்ள, தண்டவாளம் என்ஜினை முன்னோக்கித் தள்ளுகிறது. அது, பெட்டிகளின் இழுவையையும் ஏற்றத்தின் இழுவையையும் விடக் கூடினால் வேகம் ஏறும். சமமானால் ரயில் ஒரே வேகத்தில் போகும். பனியில் நனைந்த தண்டவாளத்தில் சில்லு வழுக்கிச் சுற்றினால் இந்தத் தள்ளல் குறைந்துவிடும். அதற்காகவே என்ஜின்களில் மணற்பெட்டி வைத்து, சில்லுக்கு முன்னால் மணல் தூவுகிறார்கள்.