ஏயா, ஈயா? ஆங்கில எழுத்துச் சந்தேகங்கள்

கிளிநொச்சியில் புத்தகக்கடை போடுகிறோம். பெயர்ப்பலகையில் ‘ஸ்ரேசனறி’ என்று ஆங்கிலத்தில் எழுத ஏ வருமா, ஈ வருமா?

ஈ. கொப்பி, பேனை, காகிதம் விற்பதென்றால் சொல் ஈ-ஆர்-வை என்று முடியவேண்டும். ‘பேப்பர்’ முடிவதும் ஈ-ஆரில்தான், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏ-ஆர்-வை என்று முடிந்தால் ‘அசையாமல் நிற்கிற’ என்று பொருள். ஏ9 வீதியோரம் நிறுத்திய லொறிக்கு அது பொருந்தும், கடைக்குப் பொருந்தாது. கணினி இந்தப் பிழையைப் பெரும்பாலும் காட்டித் தராது, ஏனென்றால் இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள். பலகை அடிக்கக் கொடுக்கமுதல் ஒவ்வொரு எழுத்தாக நீங்களே பாருங்கள்.

காலபோக நெல் வெள்ளத்தில் போய்விட்டது. நட்டஈட்டுக் கடிதத்தில் ‘அஃபெக்ற்’றா, ‘எஃபெக்ற்’றா?

வெள்ளம் ‘பாதித்தது’ என்று எழுதுகிறீர்கள். அது வினை, ஆகவே ஏயில் தொடங்கும் சொல். ‘பாதிப்பு’, ‘விளைவு’ என்று பெயராக வந்தால் ஈ. சந்தேகம் வந்தால் சொல்லுக்கு முன்னால் ‘த’ அல்லது ‘அன்’ போட்டுப் பாருங்கள். வாக்கியம் சரியாக நின்றால் அனேகமாக ஈதான்.

மாறி எழுதினால் வெறும் எழுத்துப்பிழையோடு போகாது. ஈயில் தொடங்குவதும் அபூர்வமாக வினையாக வரும். அப்போது அதற்கு ‘உண்டாக்கு’, ‘நிறைவேற்று’ என்று பொருள். உங்கள் கடிதம் ‘வெள்ளம் என் பயிரை உண்டாக்கியது’ என்று சொல்லும். அதற்கு யார் நட்டஈடு தருவார்?

அடையாள அட்டை தொலைந்த முறைப்பாட்டில் ‘லூஸ்’ என்பதற்கு எத்தனை ஓ?

அங்கே இரண்டுமே வேண்டாம். தொலைந்து முடிந்த விடயம், ஆகவே இறந்தகாலத்தில் ‘லொஸ்ற்’. மற்றபடி, தொலைப்பதற்கும் தோற்பதற்கும் ஒரு ஓ. நட்டு லூஸ், காற்சட்டை லூஸ் என்று நாங்கள் தமிழில் சொல்வதெல்லாம் இரண்டு ஓ.

சாதாரண தரத்துக்குப் படிக்கிறேன். ‘லைசன்ஸ்’ என்ற சொல்லை ஆசிரியர் சீ போட்டு எழுதச் சொல்கிறார், கணினி எஸ் கேட்கிறது. எது சரி?

ஆசிரியர் சொல்வது பிரித்தானிய முறை, இலங்கைப் பாடசாலைகளில் பழக்கமானது. அதில் பெயருக்குச் சீ, வினைக்கு எஸ். சாரதி அனுமதிப்பத்திரம் பெயர், எனவே சீ. அனுமதி வழங்குவது வினை, எனவே எஸ். ‘பிறக்ரிஸ்’ என்பதற்கும் இதே விதி. இரண்டு சொல்லிலும் ஒலி மாறாததால் காது உதவாது. அந்த இடத்தில் ‘அட்வைஸ்’ என்ற சொல்லை வைத்துப் பாருங்கள்: அறிவுரை என்ற பெயர் வரும் இடத்தில் சீ, அறிவுரை கூறு என்ற வினை வரும் இடத்தில் எஸ்.

அமெரிக்க முறையில் ‘லைசன்ஸ்’ இரண்டுக்கும் எஸ், ‘பிறக்ரிஸ்’ இரண்டுக்கும் சீ. கணினி அதைப் பின்பற்றுகிறது. மொழித் தெரிவில் பிரித்தானிய ஆங்கிலத்தை எடுத்தால் சிவப்புக் கோடு போய்விடும்.

லீவுக் கடிதத்தில் ‘பிறின்சிபல்’ எப்படி முடியும்?

பீ-ஏ-எல். ‘அதிபர்’ அகரத்தில் தொடங்குவதால் ஏ என்று நினைவு வையுங்கள். வங்கிக் கடனில் வட்டி சேராத முதலுக்கும் இதே எழுத்துக்கள். பீ-எல்-ஈ என்று முடிவது கொள்கை, தத்துவம். விஞ்ஞானப் பாடத்தின் ஆக்கிமிடிசு தத்துவம் அந்த வகை.