பிலிப்பைன்ஸின் ‘போலோ’ விவசாயக் கத்தியா, போர் ஆயுதமா?

அடிப்படையில் அது விவசாயக் கத்திதான், ஆயுதமானது தேவையால். பெரும்பாலான போலோக்களில் அலகு பிடியருகே குறுகி, நுனியை நோக்கி அகன்று, பாரம் முன்பக்கம் சேர்ந்திருப்பதால், கை அதிகம் அலுக்காமலே வெட்டு ஆழமாக இறங்கும். தேங்காய் பிளப்பது, புதர் வெட்டுவது, மூங்கில் சீவுவது எல்லாம் இதில்தான். வட்டாரத்துக்கு வட்டாரம் வடிவம் மாறும். பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்து, மரத்திலோ எருமைக் கொம்பிலோ பிடி போட்டுக் கொடுக்கும் கொல்லர்கள் இன்றும் அங்கு உண்டு.

1896இல் ஸ்பெயினுக்கு எதிராகக் கிளர்ந்த கதிபுனான் இயக்கத்தாரிடம் துப்பாக்கிகள் மிகக் குறைவாக இருந்ததால், வயலுக்குப் போன அதே கத்தி போருக்கும் போனது. இதைவிட அழுத்தமான சான்று சமார் தீவின் பலங்கிகா ஊர். ஸ்பெயினுக்குப் பின் பிலிப்பைன்ஸை ஆண்ட அமெரிக்காவின் படைப்பிரிவு ஒன்று அங்கு முகாமிட்டிருந்தது. அதை 1901 செப்டம்பர் 28 காலை, வீரர்கள் உணவருந்திக்கொண்டிருந்த வேளையில், ஊரார் பெரும்பாலும் போலோக்களைக் கொண்டே தாக்கினர். 40க்கும் மேற்பட்ட வீரர்கள் மாண்டனர். பதிலடி மிகக் கொடூரமானது. பலங்கிகா தேவாலய மணிகளை அமெரிக்கர்கள் எடுத்துச் சென்றனர். அவை ஊர் திரும்பியது 2018 டிசம்பரில்தான்.

இரண்டாம் உலகப் போரின்போது, அமெரிக்க ராணுவத்தின் பிலிப்பினோ ரெஜிமென்ட்களின் வீரர்களுக்கும் போலோ வழங்கப்பட்டது.