பழைய ஸ்பீக்கரில் புளூடூத் ஒலி குறைவு: பதில்

ஸ்மார்ட் ஸ்பீக்கரிலிருந்து புளூடூத் வழியாகப் பழைய ஸ்பீக்கருக்கு வானொலியை அனுப்பினால் ஒலி குறைவாக வருகிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் ஸ்மார்ட் ஸ்பீக்கரின் ஒலியளவை 10க்கு 8 அல்லது 9 வரை ஏற்றுங்கள். பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் பழைய ஸ்பீக்கரின் குமிழை முழுக்கத் திருப்பியும் மின்னல் பண்பலை முணுமுணுக்கிறது என்கிறீர்களே, குறை அந்தக் குமிழில் இருக்காது. ஆனால் ஸ்மார்ட் ஸ்பீக்கரை ஏற்றும் முன் அந்தக் குமிழைப் பாதிக்கு இறக்கிவிடுங்கள், இல்லையென்றால் காது கிழியும்.

புளூடூத்தில் இரு கருவிகளின் ஒலியளவையும் ஒன்றாக இணைக்கும் வசதி ஏவிஆர்சிபி (AVRCP) எனும் புளூடூத் கட்டுப்பாட்டு நெறிமுறையின் 1.4ஆம் பதிப்பில்தான் வந்தது. அதற்கு முந்தைய ஸ்பீக்கர்களில் இரண்டும் தனித்தனி. அனுப்பும் பக்கம் தாழ்ந்திருந்தால் வாங்கும் பக்கம் எவ்வளவு ஏற்றியும் இரைச்சல்தான் கூடும்.

சந்தேகமென்றால் கைப்பேசியை அதே ஸ்பீக்கரில் இணைத்து முழு ஒலியில் பாடவிடுங்கள். கணீரென்று கேட்டால் ஸ்பீக்கர் நலமாகவே இருக்கிறது, தூக்கி எறிந்துவிடாதீர்கள்!

ஒன்று கவனம்: இணைப்பு அறுந்தால் ஸ்மார்ட் ஸ்பீக்கரே அந்த உச்ச ஒலியில் அலறக்கூடும். இரவில் அண்டை வீட்டார் பாவம். இரண்டிலும் 3.5 மி.மீ. துளை இருந்தால் ஜாலான் பசார் கடைவீதியில் ஒரு கேபிள் வாங்கிச் செருகுவதே எனக்குப் பிடித்த வழி.