பாதியில் நின்ற ஸ்வெட்டரும் பெட்டியில் கிடந்த நூலும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் மாமியாரின் டிரங்குப் பெட்டியில் லேபிள் இல்லாத நூல்கண்டுகள் நிறைய இருக்கின்றன. எது கம்பளி, எது செயற்கை நூல் என்று எப்படி அறிவது? (வாசகி, குன்னூர்)

பதில்: ஒவ்வொரு கண்டிலிருந்தும் விரல் நீளத் துண்டை வெட்டி, இடுக்கியில் பிடித்து, பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துக்கொண்டு கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் நாற்றம் எழுந்து, தானே அணைந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் அது கம்பளி. உருகி, ஆறியபின் நசுக்க முடியாத கறுப்பு மணியாக இறுகினால் அக்ரிலிக். காகிதம்போல எரிந்துவிட்டால் பருத்தி. கம்பளியும் அக்ரிலிக்கும் கலந்த நூல் இரண்டு குணத்தையும் காட்டும். அதைக் கம்பளியாகவே நினைத்து, சூடில்லாத நீரில் கசக்காமல் அலசுங்கள். அக்ரிலிக்கும் கலந்திருப்பதால் இஸ்திரிப் பெட்டியை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: கம்பளி நூல் ஆங்காங்கே அறுந்திருக்கிறது. தூக்கி எறிந்துவிடலாமா? (வாசகி, கொடைக்கானல்)

பதில்: வேண்டாம். நூலைத் தின்பது அந்துப்பூச்சியின் புழுதான்; பறக்கும் பூச்சி எதையும் தின்பதில்லை. நூலைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் இட்டு, மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் குளிரில் இரண்டு வாரம் ஃப்ரீஸரில் வைத்தால் முட்டையும் புழுவும் மடியும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விட்டுவையுங்கள். இல்லையென்றால் நூலில் ஈரம் கோக்கும். பிறகு சிட்டமாக, அதாவது பெரிய வளையமாகச் சுற்றினால், புழு அரித்து மெலிந்த இடங்கள் தாமே அறுந்து தெரியும். தூய கம்பளியாக இருந்தால் முடிச்சுப் போட வேண்டியதில்லை. இரண்டு முனைகளின் முறுக்கையும் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நனைத்து, உள்ளங்கைகளுக்கிடையே சூடேறும்வரை உருட்டினால் இழைகள் ஒட்டிக்கொள்ளும். இயந்திரத்தில் துவைக்கும்படி பதப்படுத்திய கம்பளி இப்படி ஒட்டாது.

கேள்வி: அம்மா எனக்காகப் பின்னத் தொடங்கிய கார்டிகனில் பின்பக்கமும் ஒரு முன்பக்கமும் முடிந்துவிட்டன, இன்னொரு முன்பக்கம் பாதியில், ஊசியோடு நிற்கிறது. செய்முறைக் குறிப்பு எதுவும் இல்லை. நான் முடிக்கலாமா? (வாசகி, பெங்களூரு)

பதில்: முடிக்கலாம்; ஆனால் அவசரப்பட்டு ஊசியை உருவிவிடாதீர்கள். மழுங்கிய தையல் ஊசியில் மெல்லிய பருத்தி நூலைக் கோத்து, எல்லாக் கண்ணிகளின் (ஊசியில் மாட்டியிருக்கும் நூல் வளையங்களின்) ஊடாகவும் செலுத்திய பிறகே உருவுங்கள். பழைய இரும்பு ஊசி துருப்பிடித்திருந்தால் அதை மறுபடி பயன்படுத்தக் கூடாது. புது ஊசியை எண்ணைச் சொல்லி வாங்குவதும் ஆபத்து. பழைய பிரிட்டிஷ் அளவில் எண் கூடக்கூட ஊசி மெலியும்: 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25 மி.மீ. அமெரிக்க அளவிலோ 8 என்பது 5 மி.மீ., 10 என்பது 6 மி.மீ. ஆகவே மில்லிமீட்டர் கணக்கில் கேளுங்கள்.

அடுத்து, முடிந்த பின்பக்கத்தில் 10 செ.மீ. அகலத்துக்கு எத்தனை கண்ணிகள் என்று எண்ணுங்கள். அம்மாவுக்கு 22 கண்ணிகளும், நீங்கள் அளவு பார்க்கப் பின்னிய மாதிரித் துண்டில் 24-உம் வந்தால், 110 கண்ணி கொண்ட பகுதி 50 செ.மீ.க்குப் பதிலாக 46 செ.மீ.க்கும் சற்றுக் குறைவாகவே அமையும். அப்போது ஊசியை ஒரு அளவு தடிப்பாக மாற்ற வேண்டும். கண்ணிகளின் அடிக்கால்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். அப்படியானால் அம்மா பர்ல் வரிசையில் (துணியின் பின்புறம் பார்த்துப் பின்னும் வரிசையில்) நூலை எதிர்த்திசையில் சுற்றியிருப்பார். அது தவறில்லை, பலருக்கு உள்ள பழக்கம். நீங்களும் அப்படியே சுற்றுங்கள்.

எவ்வளவு கவனமாகப் பின்னினாலும் கை மாறிய வரிசை மார்புக்கு நடுவே கோடாகத் தெரியும். சிலர் பிரித்துவிட்டு முதலிலிருந்து பின்னச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த இடத்திலேயே வேறு நிறத்தில் இரண்டு வரிசை பின்னிவிட்டு மேலே தொடருங்கள். முடிந்த முன்பக்கத்தில் அதே உயரத்தில் அதே நிற நூலைத் தையல் ஊசியில் கோத்து, ஒவ்வொரு கண்ணியின் தடத்தின்மேலும் ஓட்டினால் பின்னியதுபோலவே கோடு விழும். குறிப்பு இல்லாததைப் பற்றிக் கவலை வேண்டாம். முடிந்த முன்பக்கத்தில் எந்த வரிசையில் எத்தனை கண்ணி குறைத்திருக்கிறார் என்று எழுதிக்கொண்டு, இடம் வலம் மாற்றிப் பின்னினால் போதும்.

கேள்வி: நூல் போதவில்லை. அதே நிற எண்ணில் வாங்கினால் பொருந்துமா? (வாசகர், உதகை)

பதில்: பெரும்பாலும் பொருந்தாது, ஒவ்வொரு சாயத் தொகுதியும் (ஒரே தடவையில் சாயம் தோய்த்த நூல்) சற்று வேறுபடும், பழைய நூல் வெளுத்தும் இருக்கும். இரண்டையும் பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். வேறுபாடு சிறிதென்றால் இரண்டு வரிசைக்கு ஒருமுறை நூலை மாற்றிப் பின்னுங்கள். பெரிதென்றால் புது நூலைக் கழுத்துக்கும் ரிப்புக்கும் (விளிம்பில் வரிவரியாக வரும் மீள்பட்டை) பொத்தான் பட்டைக்கும் ஒதுக்குங்கள். ஒரு கை முடிந்ததும் சமையலறைத் தராசில் எடை போட்டால், மீதி நூல் மறு கைக்குத் தேறுமா என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: பழைய ஸ்வெட்டரைப் பிரித்த நூல் சுருள்சுருளாக நிற்கிறதே? (வாசகி, கோத்தகிரி)

பதில்: நாற்காலி முதுகில் சிட்டமாகச் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, துண்டில் ஒற்றி நிழலில் தொங்கவிடுங்கள். பாரம் கட்டித் தொங்கவிட்டால் இழுபட்டு நேராகும். ஆனால் அந்த நூலில் பின்னிய உடை முதல் சலவையிலேயே சுருங்கும்.

கேள்வி: அந்துருண்டை நாற்றம் போகவில்லை. (வாசகர், ஏற்காடு)

பதில்: சில நாள் நிழலில் காற்றாட விட்டு, பிறகு அலசுங்கள். வாசனைத் திரவியம் தெளித்தால் இரண்டும் சேர்ந்து நாறும்.