முழங்கால் வலி என்று சாக்குச் சொல்லாதீர்கள்

கேள்வி: குழந்தைகளுக்கு இரண்டரை வயது, ஐந்து வயது. முதல்முறையாகத் தாய்நாட்டுக்கு அழைத்துப் போகிறோம். பத்து மணி நேர வித்தியாசம். 18 நாளில் 11 உறவினர் வீடுகள். அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால், இறங்கியதும் அவரிடம் இரண்டு இரவு மட்டும் தங்கிவிட்டுக் கிளம்பிவிடுவோம். குழந்தைகளுக்கு உடம்பு கெடாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

பதில்: அம்மா வலிக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார். இரண்டு இரவு போதும் என்று முடிவுகட்டியது நீங்கள். அவருக்குச் சிரமம் கொடுக்கக்கூடாது என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்கிறீர்கள். உண்மையில் அவரைப் பட்டியலின் முதல் வரியில் எழுதி அடித்துவிட்டீர்கள்.

அந்த இரண்டு இரவுகள் எப்படி இருக்கும் என்று யோசித்தீர்களா? உடம்பின் கடிகாரம் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும். பத்து மணி நேரத்துக்கு ஒரு வாரத்துக்கு மேலாகும். பிள்ளைகள் பகலில் அடித்துப்போட்ட மாதிரி தூங்கும், நடுராத்திரியில் எழுந்து விளையாடக் கூப்பிடும். பாட்டி கை நீட்டினால் சின்னது உங்கள் தோளில் முகம் புதைத்து அழும். பிறகு மெதுவாக, அவர் விரலைப் பிடித்துப் பார்க்கும். அந்த நேரத்தில் நீங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். பெற்றவளுக்கு இது நியாயமா?

முதல் எட்டு நாள் அம்மா வீடு. சமையலும் துணி துவைப்பதும் உங்கள் இருவர் பொறுப்பு. குழந்தையை அம்மா தூக்க வேண்டாம். அவர் நாற்காலியில் உட்காரட்டும், நீங்கள் மடியில் வையுங்கள். பகல் தூக்கம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் எழுப்பி வெளிச்சத்துக்குக் கூட்டிப்போங்கள். தூக்க மருந்து கொடுக்கவே கூடாது. பதினொரு வீட்டை மூன்றாகக் குறையுங்கள். மற்றவர்கள் அம்மா வீட்டுக்கு வந்து பார்க்கட்டும், கோபித்துக்கொள்பவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

இனி உடம்பு. "நம் ஊர்தானே" என்று சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள்தான் சுற்றுலா போகிறவர்களைவிட அசட்டையாக இருப்பார்கள். உங்களுக்குச் சிறுவயதில் வந்த எதிர்ப்புச் சக்தி, வேறு நாட்டில் பிறந்த பிள்ளைக்கு வராது. மலேரியாவுக்கு எதிராக உங்களுக்கு இருந்ததும் வருடக்கணக்கில் வெளியே இருந்தால் தேய்ந்துவிடும். கிளம்ப 4 முதல் 6 வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். தட்டம்மை ஊசி முழுமையாகப் போட்டாயிற்றா, போகிற இடத்துக்கு மலேரியா மாத்திரை தேவையா என்று கேளுங்கள். டைபாய்டு ஊசி தேவையென்றால் பயணத்துக்கு 2 வாரம் முன்பாவது போட வேண்டும்.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். (தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி) பொட்டலம் வைத்திருங்கள். அதைத் தம்ளரில் கரைப்பதுதான் வழக்கமான தப்பு. உப்பு அதிகமாகி நிலைமை மோசமாகும். ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால், கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர் அளந்து ஊற்றி, முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறை போன பிறகும் 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். மலத்தில் ரத்தம், குழி விழுந்த கண், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை என்றால் உடனே மருத்துவமனை.

இன்னொன்று. இன்றிலிருந்தே தினமும் பத்து நிமிடம் அம்மாவுடன் பிள்ளைகளை வீடியோவில் உட்கார வையுங்கள். "பாட்டிக்கு ஹாய் சொல்லு" என்று சொல்லிவிட்டு ஃபோனைப் பிடுங்காதீர்கள். அவர் ஒரு கதை சொல்லட்டும், நாளை அதே கதையை மறுபடி சொல்லட்டும். ஊரில் இறங்கும்போது சின்னதுக்கு அந்தக் குரலாவது தெரிந்திருக்கும்.