ஊசி வலிக்கும் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள்: சுகமில்லாத பிள்ளைகளை வைத்திருப்போருக்குப் பதில்கள்

கொழும்பில் சிறுவர் வாட்டுகளில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். கேள்விகள் அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. மருந்தின் அளவை உங்கள் பிள்ளையைப் பார்க்கிற டொக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். பிள்ளையை எப்படிப் பார்த்துக்கொள்வது, எப்படிப் பேசுவது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

கேள்வி: மகளுக்கு நாலு வயசு. மகரகம ஆஸ்பத்திரியில லுக்கீமியாவுக்கு, அதாவது இரத்தப் புற்றுநோய்க்கு, மருந்து ஏறுது. பயந்திடுவா எண்டு ஒவ்வொருமுறையும் "ஊசி இல்லை, சும்மா காட்டிட்டு வருவம்" எண்டு சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போறம். இப்ப 138 பஸ்ஸில ஏறினாலே கத்துறா. என்ன செய்யிறது மிஸ்? (கிருலப்பனை, ஒரு தாய்)

இன்றைக்கு ஊசி உண்டா இல்லையா என்று அவளுக்குத் தெரிவதில்லை. நீங்கள் "இல்லை" என்று சொன்ன நாட்களிலும் ஊசி விழுந்திருக்கிறது. அதனால் பஸ், வாசல், வெள்ளை உடுப்பு, அம்மாவின் சிரிப்பு எல்லாமே அவளுக்கு ஊசிதான். உண்மையைச் சொல்லத் தொடங்கினால் முதல் சில தடவை அழுகை கூடும். அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா. ஊசி இல்லாத நாளில் "இண்டைக்கு ஊசி இல்லை" என்று சொல்லி, அது அப்படியே நடக்கிறதைப் பார்த்தால் உங்கள் சொல்லை நம்பத் தொடங்குவாள்.

நாலு வயதுப் பிள்ளைக்கு அன்று காலையில் சொன்னால் போதும். ஒரு கிழமைக்கு முன்னரே சொன்னால் கிழமை முழுக்கப் பயந்துகொண்டிருப்பாள். "கையில ஊசி போடுவினம். கொஞ்ச நேரம் வலிக்கும். நான் உன்னை மடியில வச்சிருப்பன்" என்று சொல்லுங்கள். உங்களால் செய்யக்கூடியதற்கு மட்டும் வாக்குக் கொடுங்கள். "ஒரே ஒரு முறைதான்" என்று சொல்லாதீர்கள், நரம்பு கிடைக்காவிட்டால் இரண்டாம் முறை குத்த வேண்டிவரும்.

நாலு பேர் சேர்ந்து கட்டிலில் அமத்திப் பிடிப்பதைவிட, உங்கள் மடியில் நெஞ்சோடு நெஞ்சாக இருத்திக் கையை மட்டும் நீட்டுவது நல்லது. மல்லாக்கக் கிடத்தி அமத்தினால் பிள்ளைக்குப் பயம் கூடும். அப்படி இருத்தலாமா என்று தாதி மிஸ்ஸிடம் கேளுங்கள். மரக்கப் பண்ணும் கிரீம் இருக்கிறது, ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்துக்கு முன்னர் பூச வேண்டும். உங்கள் மகளுக்குப் பூசலாமா என்று டொக்டரிடம் கேட்டுப் பாருங்கள். எந்தக் கை, பார்க்கிறதா கண்ணை மூடுறதா என்பதை அவளே தெரிவு செய்யட்டும். "ஊசி வேணுமா?" என்று மட்டும் கேட்காதீர்கள், "வேண்டாம்" என்றால் உங்களால் அதற்கு மதிப்புக் கொடுக்க முடியாது.

அழட்டும். "கெட்டிக்காரப் பிள்ளை அழாது" என்று சொன்னால், அழுத பிள்ளை தான் தோற்றுவிட்டதாக நினைக்கும். குழப்படி செய்தால் ஊசி போடுவினம் என்று வீட்டில் யாரும் வெருட்டக்கூடாது. இந்த வயதுப் பிள்ளைகள் தாங்கள் செய்த குழப்படிக்குத் தண்டனையாகத்தான் வருத்தம் வந்தது என்று நினைப்பதுண்டு. அவள் கேட்காவிட்டாலும் "இது நீ செய்த எதாலும் வந்ததில்லை" என்று இடைக்கிடை சொல்லுங்கள்.

கேள்வி: அதே வருத்தம்தான். வீட்டில காய்ச்சல் வந்தால் பெனடோல் குடுத்துப் பாக்கலாமா? (தெமட்டகொடை)

வேண்டாம். புற்றுநோய்க்கு மருந்து ஏறுகிற பிள்ளைக்கு 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட் வந்தால், இரவு இரண்டு மணியானாலும் உடனே ஆஸ்பத்திரிதான். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது கிருமி சில மணித்தியாலங்களுக்குள் இரத்தத்தில் பரவிவிடும். பெனடோல் காய்ச்சலை மறைக்கும், கிருமியைக் கொல்லாது. அஸ்பிரின், இபுபுரோஃபென் கொடுக்கவே கூடாது. மலவாசலில் வெப்பமானி வைப்பதும், மருந்து வைப்பதும் கூடாது. வாகனம் இல்லையென்றால் 1990க்கு எடுங்கள், அந்த அம்புலன்ஸ் இலவசம்.

கேள்வி: இரண்டரை வயசு மகன் பொரளையில சிறுவர் ஆஸ்பத்திரியில இருக்கிறான். வீட்டில கைக்குழந்தை, அதால அம்மம்மாதான் அவனோட நிக்கிறா. முதல் நாள் நான் வெளிக்கிடேக்க கத்தினான். இப்ப நான் போனால் முகத்தைத் திருப்பிறான். என்னை மறந்திட்டானா?

மறக்கவில்லை, தங்கச்சி. உங்களில் கோபம், அவ்வளவுதான். 1950களில் லண்டனில் ஜேம்ஸ் ரொபர்ட்சன் என்பவர் தாயைப் பிரிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த சின்னப் பிள்ளைகளைக் கிட்டவிருந்து பார்த்து எழுதினார். முதலில் கத்தி எதிர்க்கும், பிறகு சோர்ந்துபோகும், அதன்பின் எதுவும் நடக்காததுபோல் விலகி நிற்கும் என்றார். மூன்றாவது கட்டத்தை "பிள்ளை பழகிட்டுது" என்று வாட்டில் சந்தோசப்பட்ட காலம் அது. அவரும் மனநல மருத்துவர் ஜோன் பௌல்பியும் வாதாடியதன் பயனாகவும், ஆஸ்பத்திரியில் இருக்கிற பிள்ளைகளின் நலன் பற்றி 1959இல் அங்கே வந்த பிளாட் அறிக்கையாலும்தான், பெற்றோர் பிள்ளையோடு நிற்கலாம் என்ற எண்ணம் வலுத்தது.

வரும்போது முகத்தைத் திருப்பினால் அருகில் பேசாமல் இருங்கள். அவனாக வருவான். போகும்போது, அவன் நித்திரை கொள்ளும் நேரம் பார்த்து நழுவிப் போகாதீர்கள். "இப்ப போறன், நாளைக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு வருவன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள், அழுதாலும் பரவாயில்லை. சொன்ன நேரத்துக்கு வாருங்கள். நீங்கள் உடுத்திய சால்வை ஒன்றைத் துவைக்காமல் அவனிடம் விட்டுவாருங்கள். வீட்டுக்கு வந்தபின் சில கிழமைகளுக்குப் படுக்கையை நனைப்பான், இடுப்பை விட்டு இறங்கமாட்டான். அடிக்காதீர்கள், அது போய்விடும்.

கேள்வி: மிஸ், நாங்க ஹட்டன் பக்கம். மகளுக்கு இருதய ஆபரேஷனுக்காக கொழும்புக்கு வந்து நிக்கிறோம். எனக்கு சிங்களம் வராது. எட்டு வயசு மகதான் டாக்டர் சொல்றத எனக்குச் சொல்றா. சரிதானுங்களா?

சரியில்லை அம்மா. தன் நெஞ்சைத் திறக்கப் போகிறார்கள் என்ற செய்தியை, முதல் ஆளாகக் கேட்டு உங்களுக்குச் சொல்கிற வேலை அந்தப் பிள்ளைக்கு வேண்டாம். நீங்கள் பயப்படுவீர்கள் என்று பாதியை மறைத்தும் சொல்வாள். வாட்டில் தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிடும்படி கேளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. யாருமே இல்லையென்றால், சிங்களம் தெரிந்த ஒரு சொந்தக்காரரைப் போனில் எடுத்து டொக்டரோடு பேச வையுங்கள். கேட்டு முடிந்ததும், "நான் விளங்கிக்கொண்டது இதுதான், சரியா?" என்று திருப்பிச் சொல்லிப் பாருங்கள். எப்போது சாப்பாட்டை நிறுத்த வேண்டும், வீட்டில் எந்த மருந்து, எது நடந்தால் திரும்ப வர வேண்டும், இந்த மூன்றும் எழுத்தில் வேண்டும். விளங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: மகனுக்கு ஏழு வயசு, நெஃப்ரோடிக் எண்ட சிறுநீரக வருத்தம். பிரெட்னிசலோன் குடிக்கிறான். முகம் உருண்டுபோச்சு, பள்ளிக்கூடத்தில பூசணிக்காய் எண்டு கூப்பிடுறாங்களாம். எடுத்ததுக்கெல்லாம் கோபம். வீக்கம் வத்திட்டுதுதானே, குளிசையை நிப்பாட்டினால் என்ன? (கொட்டாஞ்சேனை, ஒரு தந்தை)

நீங்களாக நிறுத்த வேண்டாம். பிரெட்னிசலோன் ஒரு ஸ்டீரொயிட். வெளியிலிருந்து ஸ்டீரொயிட் வருகிறபோது, உடம்பு தனக்கு வேண்டியதைச் சுரப்பதைக் குறைத்துவிடும். திடீரென்று நிறுத்தினால் பிள்ளை மயங்கி விழலாம், உயிருக்கே ஆபத்து வரலாம். டொக்டர் சொல்கிற கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். காலையில், சாப்பிட்டபின் கொடுங்கள்.

அந்தக் கோபம் மருந்தாலும் வருவது. அவனுக்கும் அதைச் சொல்லுங்கள்: "இந்தக் குளிசை உன்னைச் சினக்கப் பண்ணும், பசிக்கப் பண்ணும், முகத்தை ஊதப் பண்ணும். குறைக்கேக்க முகம் பழையபடி வரும்." காரணம் தெரிந்தால் தன்னைக் கெட்ட பிள்ளை என்று நினைக்கமாட்டான். ஆனால் அடிக்கக்கூடாது, எறியக்கூடாது என்ற எல்லை மாறாது. வகுப்பாசிரியரை நேரில் கண்டு பேசுங்கள். யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று அவனோடு வீட்டில் பழகிப் பாருங்கள். "மருந்தால வீங்கினது" என்ற ஒரு வரி போதும்.

சிறுநீர்ச் சோதனையைக் கொப்பியில் எழுதுவதை விடாதீர்கள். விடிய எழும்பும்போது கண்மடல் வீங்கினால் கிளினிக்குக்குச் சொல்லுங்கள். காய்ச்சலோடு வயிற்றுவலி வந்தாலோ, கொப்புளிப்பான் வந்த பிள்ளையோடு விளையாடினதாகத் தெரிந்தாலோ அன்றே கொண்டுபோங்கள்.

கேள்வி: பேரனுக்கு வலிப்பு வந்தால் கையில இரும்புத் திறப்புக் குடுக்கிறனாங்கள். நிக்குதுதான். (தெஹிவளை, அம்மம்மா)

அம்மா, பெரும்பாலான வலிப்பு சில நிமிடத்தில் தானாகவே நிற்கும். திறப்புத் தேடுகிற நேரத்தில் அவனைப் பக்கவாட்டில் சரித்துவிடுங்கள், தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வையுங்கள், நேரத்தைப் பாருங்கள். வாயில் கரண்டி, விரல், தண்ணீர் எதுவும் வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால் 1990. எழும்பியபின் உடுப்பு நனைந்திருந்தால் மற்றவர்கள் பார்க்காமல் மாற்றிவிடுங்கள், அந்த வெட்கம் பிள்ளைக்கு வலிப்பைவிடப் பெரிது.

கேள்வி: எனக்கு 17, இந்த வருசம் ஏ.எல். தம்பி மாதக்கணக்கா ஆஸ்பத்திரி, அம்மா அவனோட. எல்லாரும் தம்பி எப்பிடி எண்டுதான் கேக்கினம். சிலவேளை அவனில எரிச்சல் வருது. நான் கெட்டவளா அக்கா?

இல்லை மகள். அவனில் உயிரையே வைத்திருக்கிற நீங்கள், அம்மா இல்லாத வீட்டில் சமைத்துப் படிக்கிறீர்கள். இரண்டும் ஒரே மனத்தில் இருக்கலாம். அம்மாவிடம் "தம்பியைப் பற்றிக் கதைக்காமல் எனக்கெண்டு பத்து நிமிசம் வேணும்" என்று கேளுங்கள். அவருக்கும் அது ஆறுதலாக இருக்கும். நித்திரை இல்லை, சாப்பிட மனமில்லை, இருந்து என்ன பயன் என்று நினைப்பு வருகிறது என்றால், 1926க்கு எடுங்கள், மனநல உதவிக்கான இலக்கம் அது. பெற்றோர் இதை வாசித்தால்: சுகமாக இருக்கிற பிள்ளையிடம் இன்றைக்கு அவளைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள்.

கேள்வி: ஒன்பது வயசு மகன் "அம்மா, நான் செத்துப்போவனா?" எண்டு கேட்டான். "விசர்க் கதை கதைக்காதே" எண்டு பேசிப்போட்டு, பாத்ரூமுக்குள்ள போய் அழுதன்.

அந்தக் கேள்விக்கு எந்தத் தாயும் ஆயத்தமாக இருக்கமாட்டாள். ஆனால் அதட்டினதால் அவன் மனத்திலிருந்து அது போகாது, இனித் தனியாகக் கிடந்து யோசிப்பான். நீங்களே திரும்பத் தொடங்குங்கள்: "அண்டைக்கு ஒண்டு கேட்டாய், நான் பயத்தில பேசிட்டன். ஏன் அப்பிடி நினைச்சனீ?" பக்கத்துக் கட்டில் பிள்ளை திடீரென்று காணாமல் போயிருக்கலாம். பெரியவர்கள் கிசுகிசுத்ததைக் கேட்டிருக்கலாம். அவன் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஒன்பது வயதில் செத்தவர்கள் திரும்ப வருவதில்லை என்பது பெரும்பாலும் விளங்கும். சாவை "நித்திரை" என்று சொல்லாதீர்கள், இரவில் கண்ணை மூடவே பயப்படுவான்.

சுகப்படுத்துகிற வைத்தியம் நடக்கிறதென்றால், "இது கடுமையான வருத்தம். மாத்தத்தான் மருந்து தருகினம். ஏதும் மாறினால் உனக்கு மறைக்கமாட்டன்" என்று சொல்லலாம். சுகப்படுத்த முடியாத நிலை என்றால், முதலில் டொக்டரோடு இருந்து என்ன சொல்வது என்று பேசிவிட்டு வாருங்கள். அப்போதும் "வலிக்க விடமாட்டம், நான் உன்னோட இருப்பன்" என்று சொல்லலாம், அதைக் காப்பாற்றவும் முடியும். அவன் முன்னால் கண்ணீர் வந்தால் வரட்டும்.

கேள்வி: பதினொரு வயசு மகளுக்குச் சீனி வருத்தம், இன்சுலின் போடுறது. பள்ளிக்கூடத்தில சிநேகிதிமாருக்குத் தெரியக்கூடாதெண்டு மத்தியான ஊசியை விடுறா. (மட்டக்குளி)

ஏசினால் இன்னும் ஒளிப்பாள். பள்ளியில் யாரும் பார்க்காமல் போடுவதற்கு ஓர் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். பல பிள்ளைகள் கழிவறையில் நின்றுதான் போடுகிறார்கள். ஆசிரியரிடம் பேசி ஓர் அறை ஒழுங்குபண்ணுங்கள். யாருக்குச் சொல்வது என்பதை அவளே தீர்மானிக்கட்டும், ஆனால் ஒரு ஆசிரியருக்கும் ஒரு சிநேகிதிக்குமாவது தெரிந்திருக்க வேண்டும். இரத்தத்தில் சீனி 70 mg/dLக்குக் கீழே இறங்கி நடுங்கி வியர்த்தால், மூன்று நாலு தேக்கரண்டி குளுக்கோசைக் கரைத்துக் கொடுக்க வேண்டும், 15 நிமிடத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயால் எதுவும் கொடுக்கக்கூடாது. இதை ஒரு தாளில் எழுதி ஆசிரியரிடம் கொடுங்கள்.

ஊசி தவறிய நாளில் தாகம், அடிக்கடி சிறுநீர், சத்தி, வயிற்றுவலி, ஆழமாக வேகமாக மூச்சு என்று கண்டால் உடனே ஆஸ்பத்திரி. அங்கே ஊசி தவறியதை மறைக்காமல் சொல்லுங்கள். அவளை நீங்கள் ஏசாதிருந்தால்தான் அதை உங்களிடம் சொல்லுவாள்.